சுவரில் கறை

அன்று 2052, ஆவணி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை.

நகர ஆவண மையத்தின் வாசிப்பு அறையில் சுகந்தி ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் வழக்கறிஞர். கையில் இருந்த வழக்கு அவளுடைய சொந்தத் தெருவைப் பற்றியது.

ஆற்றின் தென்கரையில் சுண்ணாம்புக்கரை என்று ஒரு குடியிருப்பு. ஒரு காலத்தில் அங்கே சூளை வைத்துச் சுண்ணாம்பு சுட்டார்கள். சுட்டவர்களே நகரத்தின் சுவர்களுக்குப் பூசவும் செய்தார்கள். சூளைகள் போய்விட்டன. வீடுகள் இருக்கின்றன. அவற்றை இடிக்க ஆற்றுமுக வளர்ச்சி ஆணையம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. 1940க்கு முன்பே குடியிருந்தவர்களின் வாரிசுகளை அகற்ற முடியாது. குடியிருந்ததை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயம் வரும் வியாழக்கிழமை கூடுகிறது.

காகிதம் எதுவும் கிடைக்கவில்லை. சூளைக்காரர்களின் பெயரில் யாரும் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. பழைய நில அளவைப் படத்தில் அந்த இடத்தில் இரண்டே சொற்கள் இருந்தன: காலி நிலம்.

மிச்சமிருந்தவை புகைப்படங்கள். அவற்றிலும் சுண்ணாம்புக்கரை இல்லை. பாலம் இருந்தது, படித்துறை இருந்தது, தொப்பி போட்ட அதிகாரிகள் இருந்தார்கள். யாரும் தென்கரைப் பக்கம் கேமராவைத் திருப்பவில்லை.

அதனால்தான் அவள் ஷமீமாவிடம் வந்தாள். ஷமீமா மையத்தின் திருப்புப் பிரிவுக்குப் பொறுப்பாளர். அவளும் அதே மேசையில் இருந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு முத்திருளாண்டி உள்ளே வந்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், சுகந்திக்கு மாமா முறை. கையில் தூக்குவாளி.

"சாப்புடாம உக்காந்திருப்பன்னு உங்கம்மா சொல்லி, உன் மக குடுத்து விட்டா. படம் கெடச்சுதா?"

"இல்ல மாமா."

"மூணு மாசமா இந்த மெஷின் முன்னாடி உக்காந்திருக்க. இது என்னதான் செய்யுது?"

சுகந்தி ஷமீமாவைப் பார்த்தாள். இதற்குப் பதில் சொல்லியே ஷமீமாவுக்குப் பழக்கம்.

"போட்டோ எடுக்குறவர் ஒரு பக்கம் பாத்து எடுக்குறார் சார். அவர் முதுகுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சுன்னு படத்துல வராது. ஆனா படத்துல ஒரு செம்பு இருக்குன்னு வைங்க. ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு கார் விளக்கு. ஒரு ஆளோட கண்ணு இருந்தாக்கூடப் போதும். பின்பக்கத்து வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பியிருக்கும். அந்தத் துளி வெளிச்சத்தக் கணக்குப் போட்டு, பின்பக்கத்த எடுத்துக் காட்டும்."

"அப்ப என் கல்யாண போட்டோவத் திருப்பலாமா?"

"வேணாம் சார்."

"ஏன்?"

"போன மாசம் ஒரு குடும்பம் கேட்டு வாங்குனாங்க. தாத்தா கல்யாணப் படம். மாப்பிள்ளையோட கண்ணுல, பந்தலுக்கு வெளிய கைக்குழந்தையோட ஒரு பொம்பள நிக்கிறாங்க. இப்ப மூணு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை இல்ல."

முத்திருளாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். "சரி. எங்க போட்டோ சுவத்துலயே இருக்கட்டும்."

சுகந்தி சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் முறை.

"இதுவரைக்கும் எட்டுப் படம் திருப்பிட்டோம் மாமா. கார் விளக்குல வெறும் வானம்தான் வந்துச்சு. கண்ணுல வந்ததெல்லாம் நீலம்."

"நீலம்னா?"

"தெரிஞ்சத கருப்பு வெள்ளையில காட்டும். மெஷின் ஊகிச்சத நீலத்துல காட்டும். நீலத்தச் சாட்சியா ஏத்துக்க மாட்டாங்க."

அவர் திரையைப் பார்த்தார். 1934இல் எடுத்த படம் அது. ஆற்றின் வடகரையில் நீரேற்று நிலையத்தின் திறப்பு விழா. மாலை போட்ட அதிகாரிகள் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் உயரமான வெள்ளைச் சுவர். கட்டடம் ஆற்றைப் பார்த்து நின்றது. ஆற்றுக்கு அப்பால் சுண்ணாம்புக்கரை.

"இது நம்மாளுக பூசுன சுவராச்சே" என்றார்.

"தெரியும் மாமா. அதிகாரிங்க கண்ணத்தான் திருப்பிப் பாத்தோம். ரொம்பச் சின்னதா இருக்கு."

"முட்டைப் பூச்சு. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும். கூழாங்கல்ல வச்சு நாள் பூரா தேய்ப்பாக. நம்ம பொம்பளைக ஆத்தைத் தாண்டிப் போய், அந்தச் சுவத்தப் பாத்துத்தான் தலை சீவுவாகளாம். வாட்ச்மேன் வந்து வெரட்டுவானாம். எங்க ஐயா சொல்லும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த சுகந்தி தூக்குவாளியை மூடினாள்.

"என்ன சொன்னீங்க?"

"வாட்ச்மேன் வெரட்டுவான்னேன்."

"அதுக்கு முன்னாடி."

அவர் பதில் சொல்வதற்குள் ஷமீமா எழுந்துவிட்டாள். திரைக்கு அருகே குனிந்து சுவரைப் பார்த்தாள். அது வெறும் வெள்ளை. தாள் மாதிரி.

"தலை சீவுற அளவுக்குச் சுவர்ல முகம் தெரிஞ்சா, இதுல ஏதாவது தெரியணுமேக்கா. இதுல ஒண்ணுமே இல்லையே."

படத்தின் விவரக் குறிப்பைத் திறந்தாள். ஒரே வரி. அதை மூவரும் படித்தார்கள்.

நீரேற்று நிலையம், திறப்பு விழா. சுவரில் கறை, நகலில் நீக்கப்பட்டது.

"நீக்கப்பட்டதா?" என்றாள் சுகந்தி. "யார் நீக்குனா?"

"யாருமில்லக்கா. எல்லாப் படத்தையும் ஸ்கேன் பண்றப்ப கறை, பூஞ்சைய எல்லாம் மெஷினே தொடச்சிரும். லட்சக்கணக்குல படம். யாரு ஒவ்வொண்ணா பாப்பாங்க?"

"தொடைக்காத படம் இருக்கா?"

"மூலம் இருக்கும். கண்ணாடித் தகடு. கீழ குளிர் அறையில."

தகடு வந்தது. ஷமீமா கையுறையோடு அதை விளக்குப் பலகையின் மேல் வைத்தாள். அதிகாரிகளின் தலைகளுக்கு மேலே, தோள்களுக்கு இடையே, சுவர் முழுவதும் மங்கலான திட்டுகள். முக்கோணமாகச் சில. செங்குத்துக் கோடுகள். புகை மாதிரி ஒன்று.

"காலையில எடுத்த படம்" என்றாள் ஷமீமா. "சுவர் நிழல்ல இருக்கு. எதிர்க்கரையில வெயில். இதைவிட நல்ல கண்ணாடி கெடைக்காது."

முத்திருளாண்டி அந்த முக்கோணங்களைத் தொடப் போனார். ஷமீமா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதையாடா கறைன்னு எழுதுனீங்க" என்றார் அவர், யாரிடமும் இல்லாமல்.

இயந்திரம் சனியும் ஞாயிறும் ஓடியது. திங்கட்கிழமை காலை மூவரும் மறுபடி அதே மேசையில் உட்கார்ந்தார்கள்.

படம் மேலிருந்து கீழாக வந்தது.

முதலில் வானம். அடுத்து, சூளையின் புகை. அதன் கீழே கூரைகள், ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை. நீலம் ஓரங்களில் மட்டும் இருந்தது.

சுகந்தி வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

பாதிப் படம் வந்ததும் ஆட்கள் தெரிந்தார்கள். கரையில் கூட்டமாக நின்றார்கள். விழாவை ஆற்றுக்கு அப்பாலிருந்து வேடிக்கை பார்த்தவர்கள். இடுப்பில் குழந்தை வைத்த பெண்கள். கை முட்டிவரை சுண்ணாம்பு படிந்த ஆண்கள். படத்தின் நடுவே, வடகரையில், கருப்புத் துணிக்குள் தலையை விட்டபடி புகைப்படக்காரர். அவர் முதுகு அவர்கள் எல்லோரையும் பார்த்து இருந்தது.

"இருக்காகடா!" என்று முத்திருளாண்டி கத்தினார். "எல்லாரும் இருக்காகடா! காலி நிலமாம்ல, காலி நிலம்!"

பக்கத்து அறையிலிருந்து யாரோ அமைதி என்றார்கள். அவர் கதவைத் திறந்து, "வந்து பாருங்கய்யா" என்று அவர்களையும் கூப்பிட்டார். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் கைதட்டினார்.

படம் முழுதாக வந்து நின்றது.

சுகந்திதான் முதலில் பார்த்தாள். ஆற்றங்கரையில் ஒரு மதகு. அது இன்றைக்கும் இருக்கிறது. மதகிலிருந்து உள்நோக்கி ஒரு முள்வேலி ஓடியது. வேலிக்கு மேற்கே சூளைக்காரர்கள். கிழக்கே வேறு ஆட்கள். அங்கேயும் குடிசைகள். குடிசைகளுக்கு முன்னால் கழுதைகள், முதுகில் சாக்குப் பொதிகளோடு. ஒரு கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி நின்றாள்.

மதகுக்குக் கிழக்கே இன்றைக்கு ஒரு வரிசை வீடுகள். முதல் வீடு சுகந்தியுடையது. அங்கே அவளும் அவள் மகளும், படுக்கையில் கிடக்கும் அம்மாவும் இருக்கிறார்கள்.

"இவங்க யாரு மாமா?"

முத்திருளாண்டி உட்கார்ந்தார்.

"கழுதைக்காரங்க. மலையிலேர்ந்து கல்லு சொமந்துட்டு வருவாக. லாரி வந்ததும் போயிட்டாகன்னு சொல்லுவாக."

"போனாங்களா, அனுப்புனோமா?"

அவர் திரையைப் பார்க்காமல் பேசினார்.

"வேலிக்குத் தீ வச்சத எங்க ஐயா பெருமையாச் சொல்லும். நான் சின்னப் புள்ளையில அதக் கேட்டுச் சிரிச்சிருக்கேன்."

ஷமீமா திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாள்.

"சட்டப்படி ஒண்ணு சொல்லணும்க்கா. நீங்க கேக்குற பகுதிய மட்டும்தான் சான்று நகலாக் குடுப்போம். முழுப்படம் முப்பது வருஷம் பூட்டுல இருக்கும். யாரும் பாக்க முடியாது."

முத்திருளாண்டி நிமிர்ந்தார். "மேல் பாதிய மட்டும் வாங்குத்தா. கூரை ஒரே வரிசையாத் தெரியுது. வேலி கீழதான இருக்கு. நம்ம வீடு அம்புட்டும் தப்பிச்சிரும்."

"கீழ்ப் பாதியையும் குடுத்தா?"

"மேக்க இருக்குறவன் பொழச்சுக்குவான். கெழக்கு வரிசை போயிரும். உன் வீடுத்தா அது. உங்கம்மாவ எங்க தூக்கி வைப்ப?"

"நம்மள விட்டுட்டுப் படம் எடுத்தாங்கன்னுதான மாமா நான் இத்தன மாசம் அலையுறேன்."

"அது வேற."

"என்ன வேற?"

அவர் வெள்ளிக்கிழமை விட்டுப்போன தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது காலியாகத்தான் இருந்தது.

அன்று மாலை கிழக்கு வரிசைக்காரர்களைச் சுகந்தி தன் வீட்டு வாசலில் கூட்டினாள். இது அவள் ஒருத்தியின் வீடு மட்டுமல்ல. ஷமீமாவிடம் கேட்டு வாங்கிய முழுப்படத்தைப் பக்கத்து வீட்டுச் சுவரில் விழவைத்துக் காட்டினாள். எதையும் மறைக்கவில்லை. மேல் பாதியைக் கொடுத்தால் என்ன ஆகும், முழுதும் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொன்னாள்.

ஒருவர் அவளைத் திட்டிவிட்டு எழுந்து போனார். இன்னொருவர், "வக்கீலுக்குப் படிக்க வச்சதுக்கு நல்லா செஞ்சுட்ட" என்றார். "எங்க தாத்தன் செஞ்சதுக்கு நான் ஏன் வீடு குடுக்கணும்?" என்று மூன்றாமவர் கேட்டார். அது நியாயமான கேள்வி.

பாண்டிச்செல்வி என்ற பெண் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மீன் வியாபாரம் செய்பவள். தெருவில் யாரோடும் ஒத்துப்போகாதவள்.

"இந்தக் கழுதையக் கட்டிக்கிட்டு நிக்கிற புள்ளய எங்கனக்குள்ள வெட்டுவீங்க? கழுத்தோடவா, இடுப்போடவா?"

கூட்டத்தின் பக்கம் திரும்பி, "முழுசாக் குடுக்கணும்ங்கறவுக கையத் தூக்குங்கடி" என்றாள் அவள். அவளே முதலில் தூக்கினாள். ஆண்களும் சேர்ந்து தூக்கினார்கள். எல்லோரும் இல்லை. ஆனால் பாதிக்கு மேல். உள்ளேயிருந்து சுகந்தியின் அம்மா, "என் கையையும் கணக்குல வச்சுக்க" என்றாள்.

வியாழக்கிழமை தீர்ப்பாயத்தில் உட்கார இடமில்லை. முத்திருளாண்டி கடைசி வரிசையில் இருந்தார். அவர் அவளோடு மூன்று நாளாகப் பேசவில்லை. ஆனாலும் வெள்ளை வேட்டி உடுத்தி வந்திருந்தார்.

ஆணையத்தின் வழக்கறிஞர் நன்றாகப் பேசினார். ஒரு சுவரின் கறையிலிருந்து ஒரு கிராமத்தையே உருவாக்கிவிட்டார்கள் என்றார். இந்த இயந்திரங்கள் கேட்பவர் விரும்புவதையே காட்டும் என்றார். "சிலபேர் மேகத்தில் சாமியைப் பார்ப்பார்கள். இவர்கள் சுவரில் வீடு பார்க்கிறார்கள்" என்றார். சிலர் சிரித்தார்கள்.

தீர்ப்பாயத் தலைவர் சிரிக்கவில்லை. வயதானவர். படத்தை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கிழக்கே இருக்குறவங்க யாரும்மா?"

"கல் சுமந்தவங்க ஐயா. எங்க ஆளுங்க இல்ல. பின்னாடி எங்க ஆளுங்க அவங்கள வெரட்டியிருக்காங்க."

"இப்ப அங்க யார் இருக்காங்க?"

"நாங்க."

"உங்க வீடு எங்க?"

"மதகுக்குக் கிழக்கே. முதல் வீடு."

"அப்படின்னா இது உங்க வீட்டுக்கு எதிரான சாட்சி."

"ஆமாங்க ஐயா."

"முழுப்படமும் குடுக்கணும்னு கட்டாயம் உண்டா?"

"இல்லீங்க ஐயா."

தலைவர் ஆணையத்தின் வழக்கறிஞர் பக்கம் திரும்பினார்.

"கேட்பவர் விரும்புவதைத்தான் இயந்திரம் காட்டும்னு சொன்னீங்க. இந்த வேலியை இவங்க விரும்பிக் கேட்டாங்களா?"

வழக்கறிஞர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"கீழ்ப் பாதி உண்மைன்னா மேல் பாதியும் உண்மை" என்றார் தலைவர். "அது ஒரே சுவர்."

உத்தரவு மதியம் வாசிக்கப்பட்டது. 1934இல் அது காலி நிலம் இல்லை. மதகுக்கு மேற்கே உள்ள வீடுகளைத் தொடக்கூடாது. கிழக்கே இருந்தவர்களும் 1940க்கு முன்பே இருந்தவர்கள். அந்த நிலத்தில் உரிமை அவர்களுடைய வாரிசுகளுக்கு. அவர்கள் வந்து கேட்கும்வரை ஆணையமும் அங்கே கை வைக்கக்கூடாது. இப்போது குடியிருப்பவர்கள் அதுவரை இருக்கலாம்.

நோட்டீஸ்களைக் கிழிக்கக்கூட யாரும் காத்திருக்கவில்லை. அவற்றின் மேலேயே சுண்ணாம்பு அடித்தார்கள். மேளம் வந்தது. பட்டாசு வந்தது. பாண்டிச்செல்வி தெரு முழுவதுக்கும் மீன் குழம்பு வைத்தாள். சண்டைக்காரர்களுக்கும் இரண்டு துண்டு வைத்தாள். அன்று கூட்டத்தில் திட்டிவிட்டு எழுந்துபோனவர் மேளக்காரனிடம் குச்சியைப் பிடுங்கி அடித்தார். சுகந்தியின் அம்மாவைக் கட்டிலோடு தூக்கி வாசலில் வைத்தார்கள்.

முத்திருளாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சுகந்தியின் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார். போட்ட வேகத்தில் பாதிப் பூ உதிர்ந்தது.

"மாமா, பேச மாட்டேன்னீங்க?"

"இப்பவும் பேசல. மாலதான் போட்டேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஜெயிச்சுட்டத்தா. முழுசாக் குடுத்தும் ஜெயிச்சுட்ட. இனிமே யாரு வந்து கேக்கப் போறா? அந்த வாரிசெல்லாம் எங்க இருக்காகளோ."

"வரமாட்டாங்க மாமா."

"அதத்தான் சொல்றேன்."

"நாமதான் தேடிப் போகணும்."

அவர் மேளத்தைப் பார்த்தார். பிறகு, "மொதல்ல சாப்புடு" என்றார்.

திங்கட்கிழமை அவள் மறுபடி ஆவண மையத்துக்குப் போனாள். ஷமீமா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஜெயிச்சவங்க யாரும் இங்க திரும்பி வந்ததே இல்லக்கா."

கழுதைக்காரர்களுக்கும் காகிதம் இல்லை. புகைப்படம் இல்லை. ஆனால் இப்போது எங்கே பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இயந்திரம் துடைத்துவிட்ட கறைகளை எல்லாம் தகட்டிலிருந்து எடுத்தார்கள். ஒரு ஜவுளிக் கடையின் கண்ணாடி அலமாரி. ஒரு தலைமையாசிரியரின் மூக்குக் கண்ணாடி. ஒரு கல்யாணத்தில் வரிசையாக வைத்த பித்தளைக் குடங்கள். திருப்பினார்கள். கழுதைகள் வந்தன. பாலம் கட்டியபோது, மருத்துவமனை கட்டியபோது, பள்ளிக்கூடம் கட்டியபோது, புகைப்படக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் அவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். நகரத்தின் எல்லாப் படங்களுக்கும் பின்னால் அவர்கள் இருந்தார்கள்.

ஒவ்வொரு படமும் முந்தையதைவிடக் கொஞ்சம் தெற்கே இருந்தது. கடைசிப் படங்களில் கழுதைகள் குறைந்து, மாட்டு வண்டி வந்தது. இறுதியில் ஒரு பெட்ரோல் பங்க்கின் திறப்பு விழா, புதிய சுற்றுச்சாலை. அங்கே போய்ச் சுகந்தி தானே விசாரித்தாள். சுற்றுச்சாலை ஓரத்தில் கழுதைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஒரு குடியிருப்பு. எல்லா வீட்டு வாசலிலும் சரக்கு வேன் நின்றது.

மாசி மாதம் அங்கிருந்து ஒரு பெண் ஆவண மையத்துக்கு வந்தாள். பெயர் சீனியம்மாள். ஐம்பது வயது இருக்கும். வேனைத் தானே ஓட்டி வந்திருந்தாள். காக்கிச் சட்டைப் பையில் சாவி.

ஷமீமா படத்தைப் பெரிய திரையில் போட்டாள்.

சீனியம்மாள் நின்றபடியே பார்த்தாள். புகையைப் பார்த்தாள். வேலியைப் பார்த்தாள். கழுதையைக் கட்டிக்கொண்டு நின்ற பெண்ணிடம் வந்ததும் அவள் கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டது.

"எங்கள்ல யாருக்குமே ஒரு போட்டோ கெடையாதுங்க" என்றாள். "எங்கம்மாவுக்கே கெடையாது. எங்கேர்ந்து வந்தோம்னு கேட்டா, ஆத்தோரம்னு மட்டும் சொல்லும். எந்த ஆறுன்னு சொல்லாது."

"இந்த ஆறுதான்" என்றாள் சுகந்தி.

"இது யாரு?"

"பேர் தெரியலங்க. உங்க ஆளுங்கன்னு மட்டும் தெரியும்."

சீனியம்மாள் சத்தமில்லாமல் சிரித்தாள். முகம் முழுவதும் மாறிவிட்டது. திரையிலிருந்த பெண்ணின் கன்னத்தை விரலால் தொட்டாள். ஷமீமா தடுக்கவில்லை.

"நிமிர்ந்து நிக்கிறாளே" என்றாள். "பாருங்களேன், எப்படி நிக்கிறா!"

சுகந்தி உத்தரவின் நகலை மேசையில் வைத்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னாள். யார் வேலிக்குத் தீ வைத்தார்கள் என்றும் சொன்னாள். திரையில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இருந்த குடிசையைக் காட்டினாள்.

"இந்த எடம் மதகுக்குக் கெழக்க மொத வீடு. இப்ப நான் இருக்கேன்."

சீனியம்மாள் அந்தக் குடிசையைப் பார்த்தாள். பிறகு சுகந்தியைப் பார்த்தாள். முதல் முறையாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"வீட்டுல யார் யாரெல்லாம் இருக்கீங்க?"